வியாழனுக்குப் போன டேப் ரிக்கார்டர்

1995 அக்டோபர் கடைசி. ஓசூர். மெஹபூப் பாஷாவின் வீடு. சாயங்காலம். அவரும் மனைவி வஜிஹாவும்.

வஜிஹா: …அப்புறம் நிக்கவே இல்லையாம். பதினஞ்சு மணி நேரம் மோட்டாரு சும்மாவே சுத்திக்கினு இருந்துச்சாம்.

மெஹபூப்: டேப்பு நகரலையா?

வஜிஹா: நகரல. அப்பிடித்தான் போட்டிருக்குது.

மெஹபூப்: மோட்டாரு ஓடுது, டேப்பு நகரல. டேப்பப் படிக்கற ஹெட்டுல ஒட்டிக்கிச்சு. இதுக்குப் போய் பேப்பர்ல போடுவாங்களா… யாரு செட்டு? பெங்களூருக்காரனா?

வஜிஹா: நான் முதல்ல இருந்து படிச்சது எதுவுமே உங்க காதுல விழலையா?

மெஹபூப்: விழுந்துச்சே. டேப்புன்னு சொன்னதுல இருந்து விழுந்துச்சு.

வஜிஹா: பெங்களூரும் இல்ல, மைசூரும் இல்ல. அது வானத்துல போய்க்கினு இருக்குது. அமெரிக்காக்காரங்க விட்ட விண்கலம். கலிலியோன்னு பேரு. வியாழன் கிரகத்தைச் சுத்தப் போகுது. உள்ள ஆள் கிடையாது, வெறும் மெஷினு. அதுக்குள்ள ஒரு டேப் ரிக்கார்டர் இருக்குது. அதுதான் நின்னுபோச்சு.

மெஹபூப்: அங்க போய் யாரு பாட்டு கேக்கறாங்க?

வஜிஹா: பாட்டு இல்லீங்க. படம் புடிச்சு அதுல பதிஞ்சு வச்சிக்குமாம். அப்புறமா கொஞ்சம் கொஞ்சமா பூமிக்கு அனுப்புமாம். எங்க கம்பெனி ரிசப்ஷன்ல இங்கிலீஷ் பேப்பரு வரும் இல்ல, மேனேஜரு படிச்சு முடிச்சதும் கிழிச்சு எடுத்துக்கினு வந்தேன். டேப்புன்னு பாத்ததும் உங்க ஞாபகந்தான் வந்துச்சு.

மெஹபூப்: ஏன் கொஞ்சம் கொஞ்சமா? ஒரே மூச்சுல அனுப்ப வேண்டியதுதான?

வஜிஹா: அதுக்கு ஒரு பெரிய ஆன்டெனா இருந்துச்சாம். குடை மாதிரி மடக்கி வச்சு அனுப்பினாங்க. நாலு வருஷம் முன்ன நடு வழியில விரிக்கப் பாத்தா, கம்பி மாட்டிக்கினு பாதிக்கு மேல விரியல. இப்ப இருக்கறது சின்ன ஆன்டெனா ஒண்ணுதான். அதுல ரொம்ப மெதுவாத்தான் பேச முடியும்.

மெஹபூப்: அப்ப டேப்பும் போச்சுன்னா…

வஜிஹா: பாக்கும். பாத்தத வச்சிக்க எடம் இருக்காது. ஆறு வருஷம் போனது வீணு.

மெஹபூப்: ஆறு வருஷமா போகுது?

வஜிஹா: எண்பத்தொம்போதுல கெளம்புச்சாம்.

மெஹபூப்: …நீ பேப்பரும் பேனாவும் எடு.

வஜிஹா: எதுக்கு?

மெஹபூப்: கடுதாசி எழுதணும்.

வஜிஹா: யாருக்கு?

மெஹபூப்: அந்த ஆபீசுக்குத்தான். வேற யாருக்கு. நான் சொல்றேன், நீ இங்கிலீஷ்ல போடு. 'அய்யா, நான் ஓசூரில் பன்னெண்டு வருஷமாக டேப் ரிக்கார்டர் மெக்கானிக்.' போட்டியா? 'உங்கள் டேப் ஹெட்டில் ஒட்டியிருக்கிறது. தயவுசெய்து இழுக்காதீர்கள்.'

வஜிஹா: சிரிப்பாங்க.

மெஹபூப்: சிரிக்கட்டும். 'ஒட்டிய இடம் நைந்து போயிருக்கும். அந்த இடத்தை ரீலுக்குள்ளே தள்ளி, மேலே ஒரு இருபது சுத்து சுத்தி மூடிவிடவும். மீதி டேப்பில் வேலை பார்க்கவும். கெட்ட இடத்துக்குத் திரும்பப் போகவே கூடாது.'

வஜிஹா: அவ்ளோ படிச்சவங்களுக்கு இது தெரியாதா?

மெஹபூப்: தெரியும். ஆனா பதட்டத்துல இருப்பாங்க. அந்த நேரத்துல ஒருத்தரு பக்கத்துல நின்னு சொல்லணும்.

வஜிஹா: பக்கத்துலதான் இருக்கீங்க. ஓசூர் சிப்காட் பஸ்ஸு ஏறினா அமெரிக்கா.

மெஹபூப்: கிண்டல் பண்ணாம எழுதும்மா.

வஜிஹா: எழுதியாச்சு. காலையில போஸ்ட் ஆபீஸ்ல ஸ்டாம்பு வாங்கிக்கங்க.

மெஹபூப்: தாம்பா? தாம்புக்கயிறு எதுக்கு, நம்ம வீட்டுல கெணறு ஏது?

வஜிஹா: ஸ்டாம்பு. தபால் தலை.

மெஹபூப்: நீ வாய்க்குள்ளயே பேசினா எப்பிடி.

வஜிஹா: நான் வாய்க்குள்ள பேசறேனா? நாளெல்லாம் டெலிபோன் போர்டுல உக்காந்து பேசறவ நான். ஆயிரம் பேருக்குப் புரியுது, உங்களுக்கு மட்டும் புரியல.

மெஹபூப்: அந்த ஆயிரம் பேருக்கு நீ சத்தமா பேசற. வீட்டுக்கு வந்தா மிச்சம் இருக்கறதத்தான் எனக்குத் தர்ற.



1995 நவம்பர். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். மெஹபூப் பாஷா அஸர் தொழுகைக்குப் போயிருக்கிறார். கடையில் வஜிஹா. பேரிகையிலிருந்து விவசாயி திம்மப்பன் வந்திருக்கிறார்.

திம்மப்பன்: பாய் இல்லைங்களா பாயம்மா?

வஜிஹா: தொழுகைக்குப் போயிருக்காரு திம்மப்பண்ணா. உக்காருங்க, இப்ப வந்துடுவாரு.

திம்மப்பன்: வேணா, வேணா. அவரு கெளம்பட்டும்னுதான் எதிர் டீக்கடையில நின்னுக்கினு இருந்தேன்.

வஜிஹா: ஏன், என்ன ஆச்சு?

திம்மப்பன்: இந்தச் செட்டுதான். போன வாரம் பாய் சரி பண்ணிக் குடுத்தாரு. எங்க பஜனை கேசட்டு உள்ளயே இருக்குது. போட்டுக் கேளுங்க.

வஜிஹா: …நல்லாத்தான பாடுது.

திம்மப்பன்: ஜால்ரா கேக்குதுங்களா?

வஜிஹா: ஜால்ரா…

திம்மப்பன்: நாலு பேரு தட்டினோம். நான், என் தம்பி, அவன் மச்சான், பூசாரி. நாலு பேரும் சும்மா நின்ன மாதிரி இருக்குது. பாடறவரும் கம்பளிக்குள்ள உக்காந்துக்கினு பாடறாரு.

வஜிஹா: அவருகிட்டயே சொல்லியிருக்கலாமே அண்ணா.

திம்மப்பன்: சொன்னேம்மா. அன்னிக்கே, இதே எடத்துல. 'ஜால்ரா எங்க பாய்'னு கேட்டேன். காதை ஸ்பீக்கர்ல வச்சாரு, கண்ணை மூடினாரு. 'வருது பாரு திம்மப்பா, கணீர்னு வருது'ன்னாரு. நானும் வருதுங்க பாய்னு தலைய ஆட்டிட்டுப் போயிட்டேன். இத்தன வருஷமா அவருகிட்டதான் குடுக்கறேன். அந்த மொகத்தப் பாத்து எப்பிடிங்க சொல்றது? தப்பா எடுத்துக்காதீங்க.

வஜிஹா: இல்லண்ணா. வேற யாராவது… இதே மாதிரி சொன்னாங்களா?

திம்மப்பன்: குருபரப்பள்ளியில ஒரு லாரிக்காரரு சொன்னாரு. பாய் செட்டு இப்பல்லாம் கொஞ்சம் மந்தமா இருக்குதுன்னு. நான் அவரை அதட்டிட்டு வந்துட்டேன்.

வஜிஹா: செட்டை வச்சிட்டுப் போங்க. புதன்கிழமை வாங்க.

திம்மப்பன்: கிருஷ்ணகிரிக்கு அனுப்பப் போறீங்களா?

வஜிஹா: எங்கயும் அனுப்பல. ஹெட்டுப் பக்கத்துல சின்னதா ஒரு ஸ்க்ரூ இருக்குது. அதை ஒரு நூல் அளவு திருப்பினா சன்ன சத்தமெல்லாம் எழுந்து வரும். கேட்டுக்கினே திருப்பணும், அவ்ளோதான். கடை வச்ச புதுசுல ராத்திரி சோறு போட்டு வச்சிட்டு, அவரு திருப்பறத பாத்துக்கினுதான் உக்காந்திருப்பேன்.

திம்மப்பன்: நீங்களா பண்ணப் போறீங்க?

வஜிஹா: எனக்குக் காது நல்லா இருக்குது இல்ல. கம்பெனியில எனக்கு அதுக்குத்தான சம்பளம்.

திம்மப்பன்: பாய்க்கு…

வஜிஹா: தெரிய வேணாம்.

திம்மப்பன்: தேவுடா. எனக்கு என்ன தெரியும்? நான் இன்னிக்கு ஓசூர்ப் பக்கமே வரல. அதோ பாய் வர்றாரு. என்னைப் பாக்கறதுக்குள்ள நான் பின்பக்கமா போயிடறேன்.



1995 டிசம்பர். சனிக்கிழமை சாயங்காலம். கடை.

மெஹபூப்: வியாழனுக்கு வியாழக்கிழமை பாத்துத்தான் போய்ச் சேந்திருக்குது. பஞ்சாங்கம் பாத்து விட்டிருப்பாங்களோ?

வஜிஹா: அவங்களுக்கு வியாழக்கிழமை. நமக்கு வெள்ளிக்கிழமை விடியக்காலம். நீங்க பஜ்ரு தொழுகைக்கு எழுந்துக்கறதுக்குக் கொஞ்சம் முன்னாடி.

மெஹபூப்: அப்ப நான் கை கால் கழுவி ஒளு செய்யறப்ப அது அங்க சேந்துடுச்சு.

வஜிஹா: ரேடியோவுல கேட்டீங்களா?

மெஹபூப்: போட்டேன். ஒரே எரைச்சலு, ஒண்ணும் வெளங்கல. நீ சொல்லு.

வஜிஹா: …எரைச்சலா இருந்துச்சா?

மெஹபூப்: ஸ்டேஷன் சரியா சிக்கல. சொல்லு வஜி, உங்க பேப்பர்ல என்ன போட்டான்?

வஜிஹா: ரெண்டு வண்டிங்க. அஞ்சு மாசம் முன்னயே பெருசுல இருந்து குட்டி ஒண்ணு பிரிஞ்சு தனியா போச்சாம். அது நேரா வியாழனுக்குள்ள விழுந்துச்சு. பாராசூட்டுல எறங்கிக்கினே, சூடு எவ்ளோ, காத்து எவ்ளோன்னு பெரிய வண்டிக்குச் சொல்லிக்கினே போச்சாம்.

மெஹபூப்: தரை எப்பிடி இருக்குது அங்க?

வஜிஹா: தரையே கிடையாதாம். எல்லாம் காத்து. எறங்க எறங்க காத்துதான். ஒரு மணி நேரம் பேசுச்சு. அப்புறம் சூட்டுல உருகிப்போச்சு.

மெஹபூப்: கடைசி வரைக்கும் பேசிக்கினே இருந்துச்சா?

வஜிஹா: கடைசி வரைக்கும்.

மெஹபூப்: பெரிய வண்டி அதையெல்லாம்…

வஜிஹா: டேப்புல பதிஞ்சு வச்சிருக்குது.

மெஹபூப்: ஓடுச்சா?

வஜிஹா: ஓடுச்சு. போற வழியில எடுக்க வேண்டிய படத்தையெல்லாம் டேப்புக்குப் பயந்து வேணாம்னு விட்டுட்டாங்களாம். குட்டி சொல்றத மட்டும் கேட்டா போதும்னு. அதுவும் கெட்ட எடத்து மேல இருவத்தஞ்சு சுத்து சுத்தி மூடிட்டுத்தான்.

மெஹபூப்: இருவத்தஞ்சா? நான் இருவதுதான எழுதச் சொன்னேன்.

வஜிஹா: உங்க கடுதாசி இன்னும் பம்பாயே தாண்டியிருக்காது. அவங்களா பண்ணாங்க.

மெஹபூப்: நான்தான் சொன்னனே, அவங்களுக்குத் தெரியும்னு. பதட்டப்படாம பண்ணியிருக்காங்க. நல்லது… வண்டி பேசறது இங்க வர எவ்ளோ நேரம் ஆகும்?

வஜிஹா: அம்பது நிமிஷம்.

மெஹபூப்: அவ்ளோ நேரமா?

வஜிஹா: அது பரவால்ல. நான் அடுப்படியில இருந்து உங்களக் கூப்பிட்டா அதுக்கு மேல ஆகுது.

மெஹபூப்: என்னது?

வஜிஹா: ஒண்ணுமில்ல. இந்த மூணு செட்டும் நாளைக்குக் குடுக்கறதா?

மெஹபூப்: ஆமா. எல்லாம் ரெடி.

வஜிஹா: நான் கொஞ்ச நேரம் போட்டுக் கேக்கறேன். கம்பெனி பஸ்ஸு அஞ்சரைக்கே எறக்கி விட்டுடுது. வீட்டுல ஒண்டியா உக்காந்து நான் என்ன பண்ணப் போறேன்? தெனம் வந்து ரெண்டு பாட்டு கேட்டுட்டு உங்க கூடவே வீட்டுக்கு வரேன்.

மெஹபூப்: பத்து வருஷமா ஞாயித்துக்கிழமை தவிர இந்தக் கடைப் பக்கம் எட்டிப் பாக்காதவளுக்கு இப்ப என்ன பாட்டு ஆசை?

வஜிஹா: வயசாவுது இல்ல. நீங்க போய் நிதானமா டீ குடிச்சிட்டு வாங்க. கடைய நான் பாத்துக்கறேன்.

மெஹபூப்: …அரை மணி நேரம் ஆகும்.

வஜிஹா: ஆகட்டும்.



1996 ஜூலை. மஃரிப் தொழுகை முடிந்த நேரம். வீட்டு மொட்டை மாடி.

மெஹபூப்: இன்னொரு தடவ படி.

வஜிஹா: ஏழு தடவ படிச்சிட்டேன். வெளிச்சமே போயிடுச்சு.

மெஹபூப்: பாத்தா படிக்கற? உனக்கு மனப்பாடம் ஆகியிருக்கும்.

வஜிஹா: 'அன்புள்ள திரு. பாஷா அவர்களுக்கு, உங்கள் கடிதம் கிடைத்தது. விண்கலத்தின் மீது நீங்கள் காட்டிய அக்கறைக்கு நன்றி. டேப் ரிக்கார்டர் இப்போது நன்றாக வேலை செய்கிறது. உங்கள் கடிதத்தை அதைப் பார்த்துக்கொள்ளும் என்ஜினியர்களுக்கு அனுப்பி வைத்தோம்.'

மெஹபூப்: அனுப்பி வச்சாங்க பாரு.

வஜிஹா: அதுக்குக் கீழ பேனாவால தனியா ரெண்டு வரி. 'அவர்கள் படித்தார்கள். நீங்கள் சொன்னது சரி என்றார்கள்.'

மெஹபூப்: பேனாவாலன்னா… யாரோ உக்காந்து கையால எழுதியிருக்காங்க.

வஜிஹா: ஆமா. எழுத்தப் பாத்தா பொம்பளை எழுத்து மாதிரி இருக்குது.

மெஹபூப்: இருக்கும். உன்ன மாதிரி ஒருத்தி போர்டுல உக்காந்திருப்பா.

வஜிஹா: கடுதாசி கூட வந்த வண்டி படத்த கடையில மாட்டணும்னா சட்டம் போட்டுடலாம்.

மெஹபூப்: சத்தமா? என்ன சத்தம்? எந்தச் செட்டுல?

வஜிஹா: …சட்டம்ங்க. ஃபிரேமு. கண்ணாடி போட்டு மாட்டறது.

மெஹபூப்: ஓ. ஃபிரேமா. போடலாம், போடலாம்.

வஜிஹா: ஏன் அப்பிடித் தூக்கிவாரிப் போட்ட மாதிரி எழுந்துக்கறீங்க?

மெஹபூப்: கால் மரத்துப்போச்சு. அதோ பாரு. தென்கிழக்கால, தண்ணித் தொட்டிக்கு மேல. அதுதான் வியாழன். மூக்கண்டப்பள்ளி பள்ளிவாசல்ல ஒரு வாத்தியாரு காட்டினாரு.

வஜிஹா: நம்ம வண்டி அது பக்கத்துலயா இருக்குது?

மெஹபூப்: சுத்திக்கினே இருக்குது. போன வாரம் பெரிய நிலா ஒண்ணைத் தொட்டுட்டு வந்துச்சுன்னு நீதான படிச்ச.

வஜிஹா: தொடல. ஓரமாப் போச்சு. எனக்கு ஒண்ணு மட்டும் ஆச்சரியம். அவ்ளோ சின்ன ஆன்டெனாவுல எப்பிடி இத்தன படம் அனுப்புது?

மெஹபூப்: எப்பிடியாம்?

வஜிஹா: இங்க இருந்தே அதுக்குப் புதுசா பேசக் கத்துக்குடுத்திருக்காங்க. வேண்டாததச் சொல்லாத, வேண்டியத மட்டும் சுருக்கிச் சொல்லுன்னு. இங்க கீழயும் ஊரு ஊரா இருக்கற பெரிய ஆன்டெனாவையெல்லாம் ஒண்ணு சேத்து ஒரே நேரத்துல கேக்கறாங்களாம்.

மெஹபூப்: அதுக்கு வாய் சிறுத்துப்போச்சு. அதனால இவங்க காதைப் பெருசாக்கிக்கினாங்க.

வஜிஹா: ஆமா. என்ன யோசனை?

மெஹபூப்: ஒண்ணுமில்ல. கீழ எறங்கலாம். பனி விழுது.

வஜிஹா: ஜூலை மாசத்துல ஏதுங்க பனி?



1997 ஏப்ரல். காலை. வீடு.

வஜிஹா: பைய எடுத்துக்கினு எங்க கெளம்பிட்டீங்க?

மெஹபூப்: பெங்களூருக்கு. எஸ்.பி. ரோட்டுல செட்டுக்குப் பெல்ட்டு வாங்கணும்.

வஜிஹா: போன மாசந்தான வாங்கினீங்க?

மெஹபூப்: அது வேற சைசு.

வஜிஹா: இருங்க, நானும் லீவு போட்டுட்டு வரேன்.

மெஹபூப்: நீ எதுக்கு அந்தக் கூட்டத்துல. நான் போயிட்டு மத்தியானமே வந்துடுவேன்.

வஜிஹா: நம்ம வண்டி சங்கதி கேக்காமயே போறீங்க. யூரோப்பான்னு ஒரு நிலா. அது மேல பூரா ஐஸு.

மெஹபூப்: வயசா? நிலாவுக்கு என்ன வயசு போட்டிருக்கான்?

வஜிஹா: ஐஸுங்க. பனிக்கட்டி. அடியில கடலு இருக்கலாம்னு சொல்றாங்க.

மெஹபூப்: கடலா? அவ்ளோ தொலைவுல தண்ணியா?

வஜிஹா: இருக்கலாமாம். இன்னும் நிச்சயமாத் தெரியல. கட்டி கட்டியா ஒடைஞ்சு மெதந்து போன மாதிரி படம் வந்திருக்குது.

மெஹபூப்: வந்து பாக்கறேன். கிழிச்சு வை.

வஜிஹா: என் பக்கம் திரும்பிச் சொல்லிட்டுப் போங்க.

மெஹபூப்: …போயிட்டு வரேன் வஜி.



1997 டிசம்பர். சாயங்காலம். கடை.

வஜிஹா: முப்பது செட்டு. வேணாம்னு சொல்லிட்டீங்களாமே?

மெஹபூப்: அதுக்குள்ள யாரு சொன்னாங்க?

வஜிஹா: எங்க கம்பெனி ஆர்டர எங்க கம்பெனி போர்டுல உக்காந்துக்கினு இருக்கறவகிட்டயே மறைக்கப் பாக்கறீங்களா? ட்ரெய்னிங் சென்டருக்கு முப்பது டேப் ரிக்கார்டர், மூணு வருஷத்துக்கு நீங்கதான் பாத்துக்கணும்னு கேட்டிருக்காங்க. கையில டைம் இல்லைன்னு சொன்னீங்களாம். எனக்கு மானம் போச்சு.

மெஹபூப்: டைம் இல்லதான.

வஜிஹா: ஈ ஓட்டிக்கினு உக்காந்திருக்கீங்க.

மெஹபூப்: அது ஹெட்போன் செட்டு. பையனுங்களும் பொண்ணுங்களும் காதுல மாட்டிக்கினு ஜப்பான் பாஷை கத்துக்கணும். ஸ்பீக்கர்னா ஒப்பேத்தலாம். ஹெட்போன்ல ஒரு எழுத்து மழுங்கினாலும் தெரியும்.

வஜிஹா: தெரியட்டும். நீங்க மழுங்கவா குடுப்பீங்க?

மெஹபூப்: விடும்மா. வேற பேசலாம். நம்ம வண்டி என்ன ஆச்சு? இன்னியோட ரெண்டு வருஷக் கணக்கு முடியுதுன்னு சொன்னியே. நிறுத்திட்டாங்களா?

வஜிஹா: நிறுத்தல. இன்னும் ரெண்டு வருஷம் ஓட்டறாங்களாம். அந்த ஐஸு நிலாவையே திரும்பத் திரும்பப் பாக்கப் போகுது.

மெஹபூப்: அவ்ளோ பழுதோடயா?

வஜிஹா: அவ்ளோ பழுதோடதான். குடை விரியல, டேப்பு பாதி கெட்டுப்போச்சு. அதுக்காக யாரும் டைம் இல்லைன்னு சொல்லல. எதுக்கு இப்ப டார்ச்சை அணைச்சு அணைச்சுப் போடறீங்க?

மெஹபூப்: வஜி, உனக்கு ஒண்ணு சொல்லணும்.

வஜிஹா: எனக்கும் ஒண்ணு சொல்லணும்.

மெஹபூப்: அப்ப நீ சொல்லு.

வஜிஹா: நீங்கதான் முதல்ல ஆரம்பிச்சீங்க.

மெஹபூப்: எனக்கு… ஜால்ரா கேக்காது.

வஜிஹா: தெரியும்.

மெஹபூப்: உனக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும்.

வஜிஹா: …எப்பத்துல இருந்து?

மெஹபூப்: எது? கேக்காததா, தெரிஞ்சதா?

வஜிஹா: ரெண்டும்.

மெஹபூப்: கேக்காமப் போனது அஞ்சாறு வருஷம் இருக்கும். ராயக்கோட்டைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனோம், ஞாபகம் இருக்குதா? மலையடியில நின்னுக்கினு எல்லாரும் சில்வண்டு காதைத் தொளைக்குதுன்னாங்க. எனக்கு ஊரே அமைதியா இருந்துச்சு. நானும் ஆமா, ஆமான்னு காதைப் பொத்திக்கினேன்.

வஜிஹா: என்கிட்ட ஒரு வார்த்தை…

மெஹபூப்: சொல்லி? கேட்டுக்கினு வேலை பாக்கற மெக்கானிக்குக்குக் கேக்கலன்னா யாரு செட்டு குடுப்பாங்க? கடைய மூடுங்க, என் சம்பளம் போதும்னு சொல்லிடுவியோன்னு பயம். நீ சொல்லியிருந்தா நான் மூடியிருப்பேன்.

வஜிஹா: போன ஏப்ரல்ல பெங்களூருக்குப் போனது பெல்ட்டு வாங்கவா?

மெஹபூப்: காது டாக்டருகிட்ட. கடை வைக்கறதுக்கு முன்ன பிரஸ் ஷாப்புல, தகடு அடிக்கற எரைச்சல்ல பதிமூணு வருஷம் நின்ன காது, போனது போனதுதான்னாரு. மீதி இருக்கறதுக்கு மெஷின் வச்சா பேச்சு நல்லா கேக்குமாம்.

வஜிஹா: எட்டு மாசமா சும்மாவா இருக்கீங்க? மெஷின் வாங்க மாட்டீங்களா?

மெஹபூப்: வாங்கி மாட்டினா உனக்குத் தெரிஞ்சுடுமே.

வஜிஹா: அதான் எனக்குத் தெரியும்னு உங்களுக்குத் தெரியுமே.

மெஹபூப்: எனக்குத் தெரியும்கறது உனக்குத் தெரியாது இல்ல.

வஜிஹா: யா அல்லா. இந்தாளுகிட்ட ரெண்டு வருஷமா நான் என்ன பாடு பட்டேன். எந்தப் பக்கம் நல்லாக் கேக்குதுன்னு பாத்துப் பாத்து இடது பக்கமா உக்காந்து, மொகத்துக்கு நேரா பேசி…

மெஹபூப்: பாத்தேன்.

வஜிஹா: நான் ஸ்க்ரூவைத் திருப்பறதையும் பாத்தீங்களா?

மெஹபூப்: முதல் நாளே. டீ குடிச்சிட்டு வாங்கன்னு வெரட்டினியே, எதிர் டீக்கடையில நின்னு பாத்துக்கினுதான் இருந்தேன். கண்ணைச் சுருக்கிக்கினு, நாக்கக் கடிச்சிக்கினு, கொழந்தைக்கு மருந்து ஊத்தற மாதிரி திருப்பின. ஓடி வந்து தடுக்கலாம்னு ஒரு நிமிஷம் தோணுச்சு. ஆனா முந்தின மாசந்தான் திம்மப்பன் வந்து, 'ஜால்ரா எப்பிடி கேக்குது தெரியுமா பாய்'னு என் கையப் புடிச்சிக்கினான். நான் என்ன சொல்றது? ஆமாப்பான்னேன்.

வஜிஹா: தெனமும் பாத்தீங்களா?

மெஹபூப்: தெனமும். அந்த டீக்கடைக்காரன், 'என்ன பாய், சொந்தச் சம்சாரத்தையே திருட்டுத்தனமா பாக்கறீங்க'ன்னு கேக்க ஆரம்பிச்சுட்டான்.

வஜிஹா: சிரிக்காதீங்க. எனக்கு அழுகை வருது.

மெஹபூப்: எதுக்கு அழற? நீ சாயங்காலமானா கடைக்கு வந்ததே அதுக்கப்புறந்தான். சொல்லிட்டா நின்னுடுவியோன்னு இருந்துச்சு. அதான் சொல்லல.

வஜிஹா: இனிமே ஒளிச்சுப் பண்ண மாட்டேன். டேபிளுக்கு இந்தப் பக்கம் எனக்கு ஒரு ஸ்டூலு போடுங்க. பெல்ட்டு, மோட்டாரு, ஒயரு பத்த வைக்கறது எல்லாம் நீங்க. கடைசியா கேக்கறது நான். வர்றவங்க பாத்தா பாக்கட்டும்.

மெஹபூப்: முப்பது செட்டு முடியுமா?

வஜிஹா: முடியும். நாளைக்குக் காலையில நானே பர்சனல் ஆபீசரு லைனுக்குப் போட்டு, டைம் கெடைச்சிடுச்சுன்னு சொல்றேன்.

மெஹபூப்: அவங்ககிட்ட என் காது சங்கதியும் சொல்லிடு. மறைச்சு வேலை வாங்க வேணாம்.

வஜிஹா: சொல்லிடறேன். ஞாயித்துக்கிழமை பெங்களூரு போறோம். மெஷின் வாங்க. ரெண்டு பேரும்.

மெஹபூப்: சரி.

வஜிஹா: 'சரி'ன்னு இவ்ளோ சீக்கிரம் நீங்க எதுக்கும் சொன்னதில்ல. ஆமா, டீக்கடையில இருந்து பாத்தீங்க, சரி. நான் திருப்பினதுக்கு வேற அடையாளமே இருந்திருக்காதே. திருப்பினதும் ஸ்க்ரூ நகராம இருக்க, நீங்க வைக்கற மாதிரியே செவப்பா ஒரு பொட்டு வச்சிடுவேன்.

மெஹபூப்: நான் வைக்கறது பெயின்ட்டு. நீ வச்சது நெயில் பாலீஷ். பளபளன்னு மின்னுது. நகத்துல தண்ணி படாது, ஒளு சேராதுன்னு ஆயுசுக்கும் நகத்துல மருதாணியத் தவிர வேற வைக்காதவ, பீரோவுல நெயில் பாலீஷை ஒளிச்சு வச்சிருக்கா. எனக்குத் தெரியாமப் போகுமா?

வஜிஹா: அது என் தங்கச்சி சுக்ரா ஊருக்கு வந்தப்ப மறந்துட்டுப் போனது. ஆனா நல்ல பாட்டிலுங்க அது. ரெண்டு வருஷமா எத்தன செட்டுக்கு வச்சிருப்பேன், காயவும் இல்ல, கட்டியாவும் இல்ல. இன்னும் பாதி அப்பிடியே இருக்குது.

மெஹபூப்: அது மூணாவது பாட்டிலு, வஜி. ஃபேன்சி ஸ்டோர்ல அதே கலருக்கு அலைஞ்சு வாங்கி, ஒவ்வொரு தடவையும் பாதியக் கீழ ஊத்திட்டுத்தான் உன் பீரோவுல வச்சேன்.